செயின்ட் ஹெலினா – அசென்ஷன் விமானத் தூரம் எவ்வளவு? பயண நேரம் ஏன் தளத்துக்குத் தளம் மாறுகிறது?

நெய்தல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினா விமான நிலையத்துக்கும் (எச்.எல்.இ.) அசென்ஷன் தீவின் வைட்அவேக் விமானத் தளத்துக்கும் (ஏ.எஸ்.ஐ.) இடையே உள்ள தூரமும் பறக்கும் நேரமும் எனக்குத் துல்லியமாகத் தெரியவேண்டும். தூரம் காட்டும் தளங்களைப் பார்த்தால் ஒன்று 1,299 கி.மீ. என்கிறது, இன்னொன்று 1,301 என்கிறது. மைல் கணக்கில் ஒரு இடத்தில் 702, வேறொரு இடத்தில் 808. நேரம் 1 மணி 38 நிமிடத்திலிருந்து 2 மணி 10 நிமிடம் வரை எல்லாம் இருக்கிறது. நானே விரிதாளில் போட்டுப் பார்த்ததில் 1,310 கி.மீ. வந்தது.

என் கேள்விகள் மூன்று.
1. சரியான தூரம் எது, அதை எப்படிக் கணக்கிடுவது?
2. எம்ப்ரேயர் 190 விமானம் உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்கும்?
3. செயின்ட் ஹெலினாவில் இருக்கும் ஒருவர் அசென்ஷனுக்குப் போய்த் திரும்ப மொத்தம் எத்தனை நாள் ஒதுக்கவேண்டும்?

---

அட்சரேகை

வணக்கம் நெய்தல். முதல் கேள்விக்கு என் பதில். நீங்கள் பார்த்த தூர எண்களில் 1,310ஐத் தவிர மற்ற எல்லாமே சரிதான். அளவுகோல்தான் வேறு வேறு.

முதலில் அந்த மைல் குழப்பம். 702 என்பது கடல் மைல் (1.852 கி.மீ.). 808 என்பது சாலையில் நாம் சொல்லும் மைல் (1.609 கி.மீ.). விமானத் துறையில் தூரம் கடல் மைலிலும் வேகம் நாட்டிலும்தான் (மணிக்கு இத்தனை கடல் மைல்) பேசப்படும். 808ஐ எடுத்து நாட் வேகத்தால் வகுத்தால் நேரம் கால் மணி கூடிவிடும். நேரக் கணக்கு தப்பாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கணக்கு. இரண்டு இடங்களின் ஆயங்கள்:

செயின்ட் ஹெலினா: தெற்கு 15°57′33″, மேற்கு 5°38′45″
அசென்ஷன்: தெற்கு 7°58′11″, மேற்கு 14°23′38″

இவற்றைத் தசமத்துக்கு மாற்றவேண்டும். நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3,600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டினால் போதும். −15.9592, −5.6458 என்றும் −7.9697, −14.3939 என்றும் வரும். தெற்கும் மேற்கும் கழித்தல் குறி பெறும்.

அடுத்து ஹேவர்சைன் சூத்திரம் (உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தருவது):

அ = சைன்²(அட்சரேகை வித்தியாசத்தில் பாதி) + கொசைன்(முதல் அட்சரேகை) × கொசைன்(இரண்டாம் அட்சரேகை) × சைன்²(தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதி)

அட்சரேகை வித்தியாசம் 7.9895°, தீர்க்கரேகை வித்தியாசம் 8.7481°. எண்களை இட்டால்:

அ = 0.004853 + 0.952172 × 0.005817 = 0.010392

அதன் வர்க்கமூலம் 0.10194. அதற்கு ஆர்க் சைன் எடுத்தால் 0.10212 ரேடியன். இரண்டால் பெருக்கினால் 0.20423. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ.யால் பெருக்கினால் 1,301 கி.மீ.

அப்படியானால் 1,299 எங்கிருந்து வந்தது? மேலே செய்த கணக்கு பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் 110.6 கி.மீ.தான் வரும். உருண்டைக் கணக்கு அதை 111.2 என்று எடுக்கும். இந்தப் பாதையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு வடக்கு நோக்கிப் போவதால், நீள்வட்ட உருவை (டபிள்யூ.ஜி.எஸ். 84) வைத்துக் கணக்கிடும் தளங்களில் சுமார் 2 கி.மீ. குறைகிறது. ஜி.பி.எஸ். கருவியும் விமானத்தின் கணினியும் இந்த உருவைத்தான் பயன்படுத்தும். எனவே துல்லியம் வேண்டுமானால் 1,299ஐயே எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்குள்ளேயே இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தூரம் கடல்மட்டத்தில் அளந்தது. 11 கி.மீ. உயரத்தில் பறக்கும்போது வட்டத்தின் ஆரம் அந்த அளவு கூடுவதால் பாதை 0.17 சதவீதம் நீளும். 1,300 கி.மீ.க்கு அது 2 கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். தட்டையால் குறைந்ததும் உயரத்தால் கூடியதும் கிட்டத்தட்ட சமமாகிவிடுவதால், காற்றில் கடக்கும் தூரம் மறுபடி 1,301ஐ ஒட்டி வந்து நிற்கும்.

திசை: செயின்ட் ஹெலினாவிலிருந்து புறப்படும்போது உண்மை வடக்கிலிருந்து 312°. அசென்ஷனை நெருங்கும்போது அது 314° ஆகியிருக்கும். பெருவட்டப் பாதை (உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி) வளைவது இவ்வளவுதான். வரைபடத்தில் நேர்கோடு போட்டாலும் ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. நியூயார்க் – டோக்கியோ போன்ற நீண்ட, வடக்கே ஏறிப்போகும் பாதைகளில் பெருவட்டம் பெரிய விஷயம். இங்கே அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உங்கள் 1,310 எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 15°57′ஐ 15.57 என்று அப்படியே தட்டினீர்களா? நான்கு எண்களையும் அப்படி (15.57, 5.38, 7.58, 14.23) இட்டுப் பாருங்கள், சரியாக 1,310 வரும். மோசமான பிழை இதுதான். விடை பார்ப்பதற்கு நம்பும்படியாக இருப்பதால் கண்ணில் படாது. மற்ற பிழைகள் தானாகவே கத்தும். அசென்ஷனின் அட்சரேகைக்குக் கழித்தல் குறி போட மறந்தால் 2,830 கி.மீ. வரும். விரிதாளின் சைன் சார்பு ரேடியனில்தான் எண்ணை வாங்கும். பாகையை அப்படியே கொடுத்தால் அர்த்தமே இல்லாத விடை வரும். தேடலில் வெறும் ஹெலினா என்று தட்டினால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத் தலைநகர் ஹெலினாவின் விமான நிலையம் (எச்.எல்.என்.) வந்து நிற்கும். அங்கிருந்து அசென்ஷனுக்கு 11,200 கி.மீ.க்கு மேல்.

---

ஓடுபாதை20

அட்சரேகை தூரத்தை முடித்துவிட்டார். நான் நேரத்தைச் சொல்கிறேன்.

தளங்கள் நேரம் போடும் விதம் இரண்டு. சில, தூரத்தை மணிக்கு 800 கி.மீ.யால் வகுத்து, ஏற இறங்க என்று 30 நிமிடம் சேர்க்கும். 98 + 30 = 128 நிமிடம். உங்கள் 2 மணி 10 நிமிடம் அதுதான். சில, அந்த 30 நிமிடத்தைச் சேர்க்காமல் 98 நிமிடத்தையே காட்டும். 1 மணி 38 நிமிடம் என்று நீங்கள் பார்த்தது அது. இரண்டுமே எந்த விமானம், எந்த ஓடுபாதை என்று கேட்பதில்லை.

எம்ப்ரேயர் 190க்குப் பகுதி பகுதியாகப் போடுவோம். மேலே போனபின் வேகம் மாக் 0.78 (ஒலியின் வேகத்தில் 0.78 மடங்கு), அதாவது சுமார் 450 நாட். உயரம் 36,000 அடி என்று வைத்துக்கொள்வோம். மேற்கு நோக்கிய பாதை என்பதால் இரட்டைப்படை மட்டம், 36,000 அல்லது 38,000. திரும்பி வரும்போது ஒற்றைப்படை, 35,000 அல்லது 37,000.

ஏற்றம்: சுமார் 22 நிமிடம், 130 கடல் மைல்.
இறக்கம்: ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் என்ற பழைய கைக்கணக்கு இன்றும் நன்றாகப் பொருந்தும். 36 × 3 = 108 கடல் மைல், சுமார் 21 நிமிடம்.
நடுவில் மிச்சம்: 702 − 130 − 108 = 464 கடல் மைல். 450 நாட்டில் 62 நிமிடம்.

கூட்டினால் 105 நிமிடம். ஆனால் இது புறப்பட்டதும் நேராகத் திசை பிடித்து, போய்ச் சேர்ந்ததும் நேராக இறங்கினால் வரும் கணக்கு. இந்த இரண்டு தீவுகளிலும் அது நடக்காது. அதற்குக் காரணம் தென்கிழக்கு வணிகக் காற்று, அதாவது ஆண்டு முழுவதும் ஒரே திசையிலிருந்து வீசும் காற்று.

விமானம் எப்போதும் காற்றை எதிர்த்து ஏறவும் இறங்கவும் விரும்பும். செயின்ட் ஹெலினாவின் ஓடுபாதை 02/20 (முனைக்கு ஒரு எண்; காந்தத் திசைப் பாகையில் பத்தில் ஒரு பங்கு) கிட்டத்தட்ட வடக்கு தெற்காகக் கிடக்கிறது. தென்கிழக்குக் காற்றில் 20ஐப் பிடித்துத் தெற்கு நோக்கி ஏறும். போகவேண்டிய திசையோ வடமேற்கு. எழுந்ததும் 130° வலப்பக்கம் திரும்பவேண்டும். அசென்ஷனின் ஓடுபாதை 13/31. அங்கேயும் அதே காற்று, எனவே 13இல் தென்கிழக்கு நோக்கித்தான் இறங்கும். தென்கிழக்கிலிருந்து வரும் விமானம் தீவைத் தாண்டிப்போய், திரும்பி வந்து இறங்கவேண்டும். இந்த இரண்டு திருப்பத்துக்கும் சேர்த்து 6 முதல் 10 நிமிடம் ஒதுக்குங்கள். காற்றில் இருக்கும் நேரம் 1 மணி 51 முதல் 1 மணி 55 நிமிடம் வரை ஆகும்.

திரும்பி வரும்போது நிலைமை எளிது. 13இல் எழுந்தால் மூக்கு ஏறக்குறைய செயின்ட் ஹெலினாவின் பக்கமே இருக்கும். வடமேற்கிலிருந்து வந்து 20க்கு வடக்கிலிருந்து சேர்வதும் பெரிய சுற்று இல்லை. ஐந்து நிமிடமாவது குறையும்.

இதோடு தரையில் ஓடும் நேரம். செயின்ட் ஹெலினாவில் ஓடுபாதைக்கு இணையாக டாக்ஸிவே (விமானம் தரையில் ஓடும் தனி வழி) கிடையாது. ஓடுபாதையிலேயே ஓடிப்போய், முனையில் வட்டமடித்துத் திரும்பித்தான் புறப்படவேண்டும். இரண்டு முனைக்கும் சேர்த்து 10 முதல் 14 நிமிடம் வைத்தால், சக்கரக் கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும்வரை 2 மணி 5 நிமிடம் வரும். அட்டவணையில் சுமார் 2 மணி நேரம் என்று போடுவது நியாயமான எண்.

உயரே வீசும் காற்று எவ்வளவு மாற்றும் என்று பலர் கேட்பார்கள். 30 நாட் எதிர்க்காற்று முழுத் தூரமும் இருந்தாலும் 702ஐ 450ஆல் வகுத்த 94 நிமிடம் 100 ஆகும், அவ்வளவுதான். அதே 30 நாட் பின்காற்றானால் 88. இந்தத் தூரத்துக்கு மேல்காற்று பெரிய விஷயமே இல்லை. தரைக்கு அருகே வீசும் காற்றுதான் ஆட்டிப்படைக்கும்.

செயின்ட் ஹெலினா ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 310 மீட்டர் உயரத்தில் ப்ராஸ்பரஸ் பே சமவெளியில் இருக்கிறது. நீளம் 1,950 மீட்டர். சமவெளி போதாமல் டிரை கட் என்ற பள்ளத்தாக்கைச் சுமார் 80 லட்சம் கன மீட்டர் மண்ணும் பாறையும் கொட்டி நிரப்பித்தான் இந்த நீளம் கிடைத்தது. கடலிலிருந்து வரும் காற்று செங்குத்துப் பாறையில் மோதி மேலேறி, சுழன்று, 20ஆம் ஓடுபாதையை நெருங்கும் பாதையில் திடீர் திடீரென்று வேகத்தையும் திசையையும் மாற்றிக்கொள்கிறது. விண்ட் ஷியர் என்பது இதைத்தான். 2016 ஏப்ரலில் போயிங் 737-800 ஒன்று சோதனைக்கு வந்தபோது முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலே எழும்பிச் சுற்றி வரவேண்டியதாயிற்று. அந்த ஆண்டு மே மாதம் நடக்கவிருந்த திறப்பு தள்ளிப்போனது. ஏர்லிங்க் நிறுவனம் சிறிய எம்ப்ரேயர் 190ஐக் கொண்டு 2017 அக்டோபர் 14 அன்று முதல் அட்டவணைப் பயணத்தைத் தொடங்கியது.

எதிர்த் திசையில், அதாவது 02இல் இறங்கினால் அந்தச் சுழல் காற்றிலிருந்து தப்பலாம். ஆனால் பின்காற்றோடு இறங்கவேண்டும். பின்காற்றில் தரையைத் தொடும் வேகம் கூடும், நிற்க நீளம் அதிகம் தேவைப்படும். ஓடுபாதையோ குட்டை. கனமான விமானத்துக்கு அது சரிவராது.

வைட்அவேக் இதற்கு நேர்மாறு. 3,054 மீட்டர் நீளம். 1942இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் சில மாதங்களிலேயே கட்டி முடித்தது. பிற்பாடு விண்வெளி ஓடத்தின் அவசர இறங்குதளமாகவும் பயன்படும்படி நீட்டப்பட்டது. அங்கே நீளப் பிரச்சினை கிடையாது. ஆனால் 2017இல் அதன் மேற்பரப்பு கெட்டுப்போய்ப் பெரிய விமானங்கள் இறங்கத் தடை வந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஃபாக்லாந்து விமானங்கள் வேறு வழியாகப் போகவேண்டியிருந்தது. எம்ப்ரேயர் அளவு விமானம் அந்தக் காலத்திலும் இறங்கி ஏறியது.

---

தீவுப்பயணி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பறப்பது 2 மணி நேரம்தான். ஆனால் விமானம் மாதத்துக்கு ஒருமுறை. பயண நேரத்தை நிர்ணயிப்பது அதுதான்.

வழக்கமான ஏற்பாடு: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சனிக்கிழமை வரும் விமானம், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையில் மட்டும் செயின்ட் ஹெலினாவோடு நிற்காமல் அசென்ஷனுக்குப் போகும். இரவு அங்கே தங்கும். ஞாயிறு செயின்ட் ஹெலினாவுக்குத் திரும்பி, பிறகு ஜோகன்னஸ்பர்க் போகும். ஆகவே நீங்கள் செயின்ட் ஹெலினாவிலிருந்து போனால் இரண்டே வழி: ஒரு இரவு தங்கி மறுநாள் அதே விமானத்தில் திரும்புவது, இல்லாவிட்டால் அடுத்த மாத விமானம்வரை நான்கைந்து வாரம் தங்குவது. ஒரு வாரம் போய்விட்டு வரலாம் என்ற நினைப்பு நடக்காது. பயணச்சீட்டு எடுக்கும் முன் அந்த மாதத்தின் தேதியைக் கட்டாயம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு இரவுத் திட்டத்தில் அசென்ஷனில் கையில் கிடைப்பது சனி மாலையும் ஞாயிறு காலையும்தான். 859 மீட்டர் உயரமுள்ள கிரீன் மவுன்டனா, கடலாமை முட்டையிடும் கடற்கரையா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பச்சைக் கடலாமைகள் கரையேறுவது ஏறக்குறைய டிசம்பர் முதல் ஜூன் வரை, அதுவும் இரவில். அந்த மாதங்களில் போனால் ஒரு இரவேகூடப் போதும் என்பேன்.

காகிதங்கள். அசென்ஷனுக்குள் போகத் தீவு நிர்வாகத்தின் எழுத்துமூல நுழைவு அனுமதி முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும். இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது கிடையாது. வைட்அவேக் ஒரு ராணுவத் தளம் என்பதை மறக்கவேண்டாம். இரண்டு தீவுக்குமே அவசரகாலத்தில் நோயாளியை விமானத்தில் ஏற்றிச்செல்லும் செலவையும் உள்ளடக்கிய மருத்துவக் காப்பீடு வேண்டும். பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால் கடல் தாண்டித்தான் போகவேண்டும். எனவே இது வெறும் சம்பிரதாயம் இல்லை, தொகையைக் கவனித்து எடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் போகும்போதும் வரும்போதும் இரவு தங்க நேரிடும் என்பதால், தென்னாப்பிரிக்க விசாவை இருமுறை நுழைவோடு வாங்குங்கள். ஒருமுறை நுழைவு மட்டும் இருந்தால் திரும்பும்போது சிக்கிக்கொள்வீர்கள்.

கடிகாரம்: இரண்டு தீவும் கிரீனிச் நேரம்தான், கோடைக்கால மாற்றமும் கிடையாது. ஆனால் தீர்க்கரேகையில் 8.75° வித்தியாசம் இருப்பதால் அசென்ஷனில் சூரியன் 35 நிமிடம் பிந்தி உச்சிக்கு வரும். ஜோகன்னஸ்பர்க் இவற்றைவிட 2 மணி நேரம் முன்னால். ஜோகன்னஸ்பர்க் – வால்விஸ் பே – செயின்ட் ஹெலினா பயணம் எரிபொருள் நிரப்பும் நேரத்தோடு சுமார் 6 மணி நேரம். கடிகாரத்தில் பார்த்தால் 4 மணி நேரம்போலத் தெரியும். அட்டவணையில் நேரத்தைக் கழித்துப் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

திரும்பும் வழியில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஊருக்கு வரும் சீட்டைத் தனியாக எடுத்திருந்தால், நடுவில் குறைந்தது இரண்டு முழு நாள் விடுங்கள். செயின்ட் ஹெலினாவில் ஓடுபாதை இருக்கும் உயரத்துக்கே மேகம் இறங்கிவிட்டால் விமானம் வராது, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் வரும். தனிச்சீட்டுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

கப்பலையும் சிலர் கேட்பார்கள். ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா கப்பல் 2018 பிப்ரவரியோடு சேவையை நிறுத்திவிட்டது. அதன் காலத்தில் இதே 702 கடல் மைல், 15 நாட் வேகத்தில் 47 மணி நேரம்.

---

நெய்தல்

மிக்க நன்றி மூவருக்கும். அட்சரேகை சொன்னது சரிதான். பாகை நிமிடத்தைத் தசமம்போலத் தட்டியிருந்தேன். திருத்தியதும் 1,301 வந்துவிட்டது.

ஒரு துணைக்கேள்வி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செயின்ட் ஹெலினாவுக்கு 3,680 கி.மீ. என்று வருகிறது. எம்ப்ரேயர் 190 அதை நிற்காமலே பறக்கும் என்றுதானே அதன் எட்டும் தூரம் சொல்கிறது? ஏன் வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருள் போடுகிறார்கள்? அசென்ஷன் இருக்கும்போது அதையே மாற்று நிலையமாக (சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் போகும் இடமாக) வைத்துக்கொள்ளலாமே?

---

ஓடுபாதை20

போய்ச் சேர எரிபொருள் போதும். இறங்க முடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் போதாது.

சாதாரணமாக ஒரு விமானம் சேருமிடம், அங்கிருந்து மாற்று நிலையம், அதற்கு மேல் 30 நிமிடக் கடைசி இருப்பு என்று எரிபொருள் ஏற்றும். சேருமிடத்துக்கு அருகே மாற்று நிலையமே இல்லாவிட்டால் அது தனித்த விமான நிலையம் என்ற வகையில் வரும். சர்வதேச விதிப்படி ஜெட் விமானம் அப்படிப்பட்ட இடத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் பறக்கப் போதுமான எரிபொருளோடு போய்ச் சேரவேண்டும். கடைசி இருப்பும் இதற்குள் அடக்கம். வழியில் ஒரு புள்ளியும் குறிக்கப்படும். அதைத் தாண்டும் முன் சேருமிடத்தின் வானிலையைக் கேட்டு, சரியில்லை என்றால் திரும்பிவிடவேண்டும். தாண்டினால் திரும்ப எரிபொருள் இருக்காது.

அந்தத் திரும்பமுடியாப் புள்ளியை நீங்களே கணக்கிடலாம் (தரைவேகம் என்பது காற்றின் விளைவையும் சேர்த்த வேகம்):

நேரம் = பறக்கக்கூடிய மொத்த மணி × திரும்பும் தரைவேகம் ÷ (போகும் தரைவேகம் + திரும்பும் தரைவேகம்)

எம்ப்ரேயர் 190இன் தொட்டிகள் சுமார் 13,000 கிலோ பிடிக்கும். மணிக்குச் சுமார் 1,950 கிலோ எரியும் என்று வைத்தால் ஆறரை மணி நேரம். கடைசி இருப்பைக் கழித்தால் 6 மணி. வால்விஸ் பேயிலிருந்து செயின்ட் ஹெலினா சுமார் 2,260 கி.மீ., 1,222 கடல் மைல். போகும்போது 20 நாட் எதிர்க்காற்று என்றால் 430 நாட், திரும்பும்போது 470.

6 × 470 ÷ 900 = 3.13 மணி. 430 நாட்டில் அது 1,347 கடல் மைல்.

1,347 என்பது 1,222ஐவிட அதிகம். அதாவது திரும்பமுடியாப் புள்ளி தீவுக்கு அப்பால் போய்விடுகிறது. தீவுக்கு மேல் வரை போய், முயன்று பார்த்து, முடியாவிட்டால் வால்விஸ் பேக்கே திரும்பிவிடலாம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நேராக வந்தால் தூரம் 1,988 கடல் மைல். அதே 6 மணி இருப்பில் புள்ளி 1,347இலேயே விழும், தீவுக்கு 640 கடல் மைல் முன்னால். அங்கிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம் பறந்த பிறகு தீவின் வானிலை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். மேகம் அரை மணியில் இறங்கி ஏறும் இடத்தில் அது நல்ல ஏற்பாடு இல்லை. தொடக்கத்தில் எரிபொருள் போட்டது விண்ட்ஹுக்கில். பிறகு கடற்கரையில் இருக்கும் வால்விஸ் பேக்கு மாறியது. கடைசிக் கட்டத் தூரம் அதனால் குறைந்தது.

எரிபொருள் கூடினால் எடையில் வேறொன்றைக் குறைக்கவேண்டும். குட்டையான ஓடுபாதைக்கு இறங்கும் எடையும் கட்டுப்பாடு. இருக்கைகள் அதிகம் இருந்தும் சேவை தொடங்கியபோது 76 பயணிகளை மட்டும் ஏற்றியதற்குக் காரணம் இதுதான்.

அசென்ஷனை மாற்று நிலையமாக வைக்கலாமா என்றால், கணக்கில் வைக்கலாம். ஆனால் செயின்ட் ஹெலினாவிலிருந்து இன்னும் 702 கடல் மைல், 3,800 கிலோ எரிபொருள். இரண்டு மணி நேரம் தீவுக்கு மேல் சுற்றுவதற்கு ஆகும் அளவும் ஏறக்குறைய அதேதான். அங்கே போய் இறங்கினால் ஒரு விமானம் நிறையப் பயணிகள் நுழைவு அனுமதி இல்லாமல், தங்க இடம் போதாமல் நிற்பார்கள். வால்விஸ் பேக்குத் திரும்பினால் மறுநாள் மறுபடி முயலலாம்.

உங்கள் மூலப் பாதைக்கு இதே கணக்கைப் போடுங்கள். செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷன் போக 3,800 கிலோ, அதில் 5 சதவீதம் கூடுதலாக 190, அங்கே இறங்க முடியாமல் திரும்பி வர இன்னொரு 3,800, கடைசி இருப்பு 900, தரையில் ஓட 150. மொத்தம் 8,840 கிலோ. தொட்டியில் இடம் தாராளம். ஓடுபாதை நீளமாக, வானிலை பெரும்பாலும் தெளிவாக இருப்பது அசென்ஷன் பக்கம்தான் என்பதால், கவலைக்குரிய கட்டம் ஞாயிறு திரும்பும் பயணம். அதற்கு அசென்ஷனிலேயே போய்த் திரும்பும் அளவு எரிபொருளை நிரப்பிக்கொள்வது பாதுகாப்பு.

---

அட்சரேகை

ஒரு சிறு சேர்க்கை. ஒரு எஞ்சின் நின்றுபோனால் எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கு வேறு புள்ளி உண்டு, சமநேரப் புள்ளி. எரிபொருள் புள்ளியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் எரிபொருள் அளவே வராது:

தூரம் = மொத்தத் தூரம் × திரும்பும் தரைவேகம் ÷ (போகும் தரைவேகம் + திரும்பும் தரைவேகம்)

ஒற்றை எஞ்சினில் 360 நாட், போகும் திசையில் 20 நாட் எதிர்க்காற்று என்று எடுத்தால் 702 × 380 ÷ 720 = 370 கடல் மைல். காற்றே இல்லாவிட்டால் நட்டநடு, 351. எதிர்க்காற்று இருந்தால் புள்ளி சேருமிடத்தின் பக்கம் நகரும். இந்த எடுத்துக்காட்டில் அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் 58 அல்லது 59 நிமிடம். இரட்டை எஞ்சின் விமானங்களுக்கான 60 நிமிட வரம்பை (ஒற்றை எஞ்சினில் அதற்குள் ஒரு நிலையத்தை எட்டவேண்டும் என்பதை) இது மயிரிழையில் தொட்டு நிற்கிறது. ஒரு முனையில் மேகம் மூடிவிட்டால் மறுமுனைதான் கதி என்பதால் அந்த 59 நிமிடத்தை நம்பித் திட்டமிட முடியாது. கூடுதல் நேர அனுமதி பெற்ற விமானமும் விமானிகளும் வேண்டும். விரிதாளில் போடும்போது இரண்டு புள்ளிகளையும் தனித்தனி வரிசையில் வையுங்கள், காற்றின் குறியை மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி எடுங்கள்.